முறுக்கு டின்னில் இருந்த மருந்துகள்: அம்மாவின் கைவைத்தியம் பற்றி ஒரு கேள்வி

பட்டர்வொர்த் மகள் | திங்கள், இரவு 10.12

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் தம்பி வீட்டில் இருக்கிறார். இனிப்புநீர் பதினோரு வருடமாக, ரத்தக்கொதிப்பு அதற்கும் முன்னாலிருந்து. அரசாங்கக் கிளினிக்கில்தான் மருந்து: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, கொதிப்புக்கு அம்லோடிபின். சாமி கும்பிட மறந்தாலும் மாத்திரையை மறக்கமாட்டார்.

போன வியாழன் விடிகாலை ஐந்தரைக்குத் தம்பி போன் பண்ணினான். அம்மா சாமி மேடை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.1 மில்லிமோல்தான். மைலோ கலக்கிக் கொடுத்து அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "ஒண்ணுமில்லடா, வெறும் வயித்துல குனிஞ்சேன்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை பாலம் தாண்டிப் போய்ச் சமையலறையைக் குடைந்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் பழைய முறுக்கு டின் ஒன்று. உள்ளே பாகற்காய் வற்றல், நிலவேம்புப் பொடி, வறுத்து இடித்த வெந்தயம், பூனைமீசைத் தேநீர்ப் பைகள். அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம், பெயர் கிடையாது, காலி. மூலையில் மட்டும் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள். கேட்டால் முட்டிவலிக்கு இரவுச் சந்தையில் வாங்கியதாம், பொட்டலம் 25 வெள்ளி. விற்றவர் இப்போது வருவதில்லையாம், அதனால் தீர்ந்துபோய்ப் பத்து நாளாகிறதாம்.

இதெல்லாம் டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "டாக்டர் மருந்து ஏதாவது சாப்பிடுறியானுதானே கேட்டாரு? இது மருந்தா?" என்கிறார்.

கோபத்தில் டின்னோடு எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. நான் செய்தது சரியா? இதில் எது சர்க்கரையை இப்படி இறக்கியிருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தோட்டத்துக்காரன் | திங்கள், இரவு 10.41

மகளே, முதலில் அந்த டின்னைக் குப்பையிலிருந்து எடும்மா. வைத்தியத்துக்காகச் சொல்லவில்லை, அது உங்கள் அம்மாவின் டின்.

நான் சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு மருந்து கொடுக்க டிரெஸ்ஸர் ஒருத்தர்தான். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் காலில் வெட்டுக்கும் அவர் கையில் இருந்தது ஏறக்குறைய ஒரே மருந்துதான். மற்றதெல்லாம் பாட்டிமார்கள் பார்த்தார்கள். சளிக்குக் கற்பூரவல்லி, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி, காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில். பிள்ளை பெற்றவளுக்குச் செலவு என்கிற மருந்துச் சாமான் அரைக்கிற நாளில் லயமே மணக்கும். எங்கள் தலைமுறைக்கு உயிர் தங்கியதில் அதற்கும் பங்கு உண்டு, நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பாட்டிமார்களிடம் ஒரு கணக்கு இருந்தது. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். சுக்கு என்றால் மேல்தோலைச் சுரண்டிப் போடு, கடுக்காய் என்றால் உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துப் போடு என்று அர்த்தம். நிலவேம்பு என்றால் மூன்று நாள், ஐந்து நாள், அதற்குமேல் தரமாட்டார்கள். தினமும், மாதக் கணக்கில், மாத்திரைக்கும் மேலே என்பது அவர்கள் செய்யாதது. அப்போது இனிப்புநீருக்கு மாத்திரை போட்டவர்களும் தோட்டத்தில் இல்லை.

பேரில்லாத பொடி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை வைத்தியத்தோடு சேர்க்காதீர்கள்.


நேர்ப்பேச்சு | திங்கள், இரவு 10.58

மன்னிக்கவும், நீங்கள் குப்பையில் போட்டதுதான் சரி. 21ஆம் நூற்றாண்டில் வேரையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டு, பிறகு சர்க்கரை இறங்குகிறது, கிட்னி போகிறது என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம். வேலை செய்கிற மூலிகையை எல்லாம் கம்பெனிக்காரன் எப்போதோ மாத்திரையாக்கிவிட்டான். மிச்சம் இருப்பது வேலை செய்யாதது. இவ்வளவுதான் விஷயம்.


கறிவேப்பிலைக்காரி | திங்கள், இரவு 11.09

அக்கா, பாகற்காய் விஷயத்தில் என் மாமியாருக்கும் இதே கதை. இங்கே புக்கிட் மெர்தாஜாமில் பாசார் போனால் காய்கறி அம்மாவே "இனிப்புநீருக்கு நல்லது, ஜூஸ் அடிச்சுக் குடி" என்று கூடக் கொஞ்சம் அள்ளிப் போடுவார். மாமியார் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய் வந்து பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார். ஒரு நாள் கோயில் தூணில் சாய்ந்துவிட்டார். இப்போது பாகற்காய் உண்டு, ஆனால் மதியச் சோற்றோடு பொரியலாக மட்டும். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை.


இரவுப்பணி | திங்கள், இரவு 11.40

கடையை மூடிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறேன். முறுக்கு டின் என்று நீங்கள் எழுதியதும் சிரிப்பு வந்தது. எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேர் வீட்டில் அந்த டின் இருக்கிறது.

முதலில் சர்க்கரை இறங்கிய கதை. உங்கள் அம்மாவின் மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இவ்வளவு கீழே தள்ளுவது அபூர்வம். கிளிக்லசைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். பாகற்காய்க்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு, வெந்தயத்துக்கும் உண்டு, நிலவேம்புக்கும் ஓரளவு உண்டு. ஒவ்வொன்றும் தனியாகச் சின்னது. ஆனால் மூன்றும் சேர்ந்து கிளிக்லசைடின் மேல் ஏறி உட்கார்ந்தால், இரவு உணவுக்கும் காலைக்கும் நடுவில் எட்டு ஒன்பது மணி நேரம் வயிறு காலியாக இருக்கையில், விடிகாலையில் விழத்தான் செய்வார்கள்.

மைலோ கொடுத்தது தப்பில்லை. ஆனால் பாலும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். இன்னொரு முறை வந்தால் வெறும் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். 4க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. ஏறியதும் ரெண்டு துண்டு ரொட்டி. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்குப் போன் பண்ணுங்கள்.

நேர்ப்பேச்சு, ஒரு சின்னத் திருத்தம். அம்மா போடுகிற மெட்ஃபார்மினின் பாட்டன்கூட ஒரு செடிதான். ஐரோப்பாவில் காலெகா என்று ஒரு மூலிகை, இனிப்புநீர் மாதிரியான தொல்லைகளுக்கு அங்கே கொடுத்துவந்தார்கள். அதிலிருந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், பல வருடம் தடுமாறி, 1957இல் பிரான்சில் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. செடியாக இருந்தபோது அதற்கு விஷத்தன்மையும் இருந்தது, ஆடுமாடு தின்று செத்திருக்கிறது. மூலிகை வேலை செய்யாது என்பது என் பயம் இல்லை. அது வேலை செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதுதான் தெரியாமல் போகிறது.

இப்போது எனக்கு உறுத்துவது வேறு. அந்த முட்டிவலிப் பொடி. நாலு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். எத்தனை மாதம் சாப்பிட்டார்? வலி எத்தனை நாளில் போனது? அந்தச் சமயத்தில் பசி, முகம், எடை ஏதாவது மாறியதா? இந்தப் பத்து நாளாக ஆள் எப்படி இருக்கிறார்?


பட்டர்வொர்த் மகள் | திங்கள், இரவு 11.58

தம்பியை எழுப்பிக் கேட்டு எழுதுகிறேன்.

ஆறு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார், தினமும் காலையில் ஒரு ஸ்பூன். வலி மூன்றே நாளில் போய்விட்டதாம். அதனால்தான் அந்த ஆள்மேல் அவ்வளவு நம்பிக்கை. பசி நன்றாக எடுத்தது. முகம்... நீங்கள் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எல்லாரும், "அத்தை, முகம் நல்லா உருண்டு தெளிஞ்சு இருக்கே" என்றார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை வேறு. போட்டோவை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். உருண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. ரெண்டு மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கிறது என்று கிளிக்லசைடு அளவைக் கூட்டினார்கள். அதைக் கேட்டுப் பயந்துதான் அம்மா பாகற்காயும் நிலவேம்பும் ஆரம்பித்திருக்கிறார்.

இந்தப் பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். படுத்தே கிடக்கிறார். என்மேல் கோபத்தில்தான் இப்படி என்று நினைத்தேன்.


இரவுப்பணி | செவ்வாய், அதிகாலை 12.09

அக்கா, காலைவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

நான் பார்க்காத பொடியைப் பற்றி உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் பேரில்லாத முட்டிவலிப் பொடிகளிலும் ஜாமு என்கிற மலாய் நாட்டுமருந்து மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிற விஷயம். மூன்று நாளில் வலி போவது, பசி, உருண்ட முகம், ஏறிய சர்க்கரை, நாலும் அதன் கையெழுத்துதான். ஏறிய சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டினார்கள், அம்மா பாகற்காயும் சேர்த்தார். இப்போது பொடி தீர்ந்துவிட்டது. ஏற்றிக்கொண்டிருந்தது போய்விட்டது, இறக்குகிறவை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அதைவிட முக்கியம் இது. சிறுநீரகத்தின்மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிதான் நம் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக் கணக்கில் வந்தால் அது தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உடனே எழுந்துகொள்ளாது. அசதி, தலைசுற்றல், சாப்பாடு வெறுப்பது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விழுவது, எல்லாம் அதனால் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் ஆகலாம்.

பதிவு மேசையிலேயே சொல்லுங்கள்: ஆறு மாதம் பேரில்லாத பொடி, பத்து நாளாக இல்லை. டின்னில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோங்கள், அந்தக் காலிப் பொட்டலத்தையும் விடாமல். தோட்டத்து ஐயா சொன்னது சரி, குப்பையிலிருந்து எடுங்கள்.


பட்டர்வொர்த் மகள் | செவ்வாய், அதிகாலை 12.14

தம்பி வண்டியை எடுத்துவிட்டான். குப்பை வண்டி இன்னும் வரவில்லை, டின் கிடைத்துவிட்டதாம். நானும் கிளம்புகிறேன். நன்றி.


நேர்ப்பேச்சு | செவ்வாய், காலை 8.20

அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் பாருங்கள், நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. நாட்டு மருந்து என்ற பேரில் ஏமாற்று வேலை.


தோட்டத்துக்காரன் | செவ்வாய், காலை 9.02

தம்பி, அந்தப் பொடியில் இருந்ததாக மருந்தாளர் சந்தேகப்படுவது உங்கள் கம்பெனி மாத்திரையிலிருந்து வந்த சரக்கு. மூலிகை வேஷம் போட்டு வந்திருக்கிறது. திருடன் காவி கட்டினால் காவியைக் கொளுத்துவீர்களா?


நேர்ப்பேச்சு | செவ்வாய், காலை 9.15

நல்ல பதில் ஐயா. ஆனால் காவி கட்டியதால்தானே யாரும் கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பொட்டலத்தின்மேல் இருந்த நம்பிக்கை வெள்ளை மாத்திரையின்மேல் வந்திருக்காது.


தோட்டத்துக்காரன் | செவ்வாய், காலை 9.31

அதை ஒத்துக்கொள்கிறேன்.


நெறியாளர் | செவ்வாய், காலை 9.40

அந்த அம்மாவைப் பற்றித் தகவல் வரும்வரை குத்தல் வேண்டாம். அவரவர் வீட்டில் பார்த்ததை எழுதுங்கள். எந்தக் கடை, எந்த வியாபாரி என்று பேர் போட வேண்டாம்.


செந்தூல் தாய் | செவ்வாய், மதியம் 1.25

பிள்ளைகளுக்கும் இதே கதைதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் எனக்குப் பிரசவம். அம்மா ஊரிலிருந்து வந்து பத்தியம் பார்த்தார். பூண்டு, மிளகு, சுறா மீன், செலவு அரைத்த குழம்பு, எல்லாம் அமிர்தம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சண்டை வந்தது பிள்ளைக்கு உரைமருந்து கொடுக்கும்போது. உரைகல்லில் வசம்பு ரெண்டு இழை, கடுக்காய் ஒரு இழை, ஜாதிக்காய் ஒரு இழை, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும் என்று நிற்கிறார். ஆறு மாதம்வரை பால் தவிர எதுவும் கூடாது என்று வீட்டுக்கு வந்த தாதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜாதிக்காய் குழம்பில் விழுந்தால் வாசனை. பிஞ்சு உடம்பில் கொஞ்சம் கூடிப்போனாலும் தூக்கமும் படபடப்பும் வலிப்பும் வரை போகலாம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். "நல்லாத் தூங்குது பாரு" என்று பாட்டிகள் சொல்லும் தூக்கத்தை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. தேனும் அப்படித்தான், ஒரு வயதுவரை தொடக்கூடாது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வசம்பைச் சுட்டு, நூலில் கோத்து, தொட்டில் கயிற்றில் உயரத்தில், பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் கட்டினோம். அம்மாவுக்குத் திருப்தி, எனக்கும் நிம்மதி.

ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். இங்கே பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தில் அதைப் பார்த்துவிடுவார்கள், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அந்தப் பிள்ளைகளின் துணிக்கு நடுவில் அந்துருண்டை போடக்கூடாது. காமாலைக்கு என்று யாராவது மூலிகைத் தண்ணீர் கொண்டுவந்தால் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.


கறிவேப்பிலைக்காரி | செவ்வாய், மாலை 6.50

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள், நான் கொஞ்சம் செடி பேசுகிறேன். என் வீட்டு வாசலில் பத்துத் தொட்டி இருக்கிறது. கற்பூரவல்லி, துளசி, வெற்றிலை, வல்லாரை, செராய் என்கிற எலுமிச்சைப் புல், பூனைமீசை. ஒரு இலைகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை, எல்லாம் அக்கம்பக்கத்தில் ஒடித்து நட்டது.

வல்லாரை என்று இங்கே பாசாரில் பெகாகா கேட்டால் தருவார்கள். ஆனால் நாலைந்து வகைச் செடிக்கு அந்தப் பேர் ஓடுகிறது. அசல் வல்லாரையைக் கையில் எடுத்தால் இலை சிறுநீரக வடிவில் இருக்கும், ஓரம் மெல்லிய பல்பல்லாக, காம்பு சேருமிடத்தில் ஆழமாக ஒரு பிளவு. வட்டமாகக் காசு மாதிரி இருந்து, காம்பு இலையின் நடு வயிற்றில் குத்திக்கொண்டிருந்தால் அது வேறு செடி. சாலையோரக் கால்வாயில் தழைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பறிக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் இருப்பதையெல்லாம் அது உறிஞ்சி வைத்திருக்கும்.

என் வீட்டு நியாயம் இவ்வளவுதான். துவையலாக, ரசமாக, சோற்றோடு தட்டில் ஏறுகிறதென்றால் யாரையும் கேட்கமாட்டேன். சாறாகப் பிழிந்தாலோ, பொடியாக்கி ஸ்பூன் கணக்கில் போட்டாலோ, காப்ஸ்யூலில் வந்தாலோ, அது உணவில்லை, டாக்டரிடம் சொல்லவேண்டியது.

சளி பிடித்த பிள்ளைக்குக் கற்பூரவல்லி பஜ்ஜி போட்டுக் கொடுங்கள். சளி போகுமோ போகாதோ, அழுகை போகும்.


இரவுப்பணி | செவ்வாய், இரவு 11.15

கறிவேப்பிலைக்காரி சொன்ன நியாயம் நல்ல நியாயம். அதற்கு உள்ளேயும் ரெண்டு விலக்கு சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் வெந்தயமோ பூண்டோ இஞ்சியோ சமையலுக்குமேல் கூட்டும்முன் கேட்டுக்கொள்ளுங்கள், ரத்தம் உறைவதில் கணக்கு மாறும். தொண்டைக்கு அதிமதுரம் ரெண்டு நாள் மென்றால் பரவாயில்லை. தினமும் கஷாயத்தில் போட்டால் உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை இறக்கி, ரத்தக்கொதிப்பை ஏற்றும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார், ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் புரியாது.

டிங்கி (டெங்கு) காய்ச்சல் பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே பதில். பப்பாளி இலைச் சாறு கட்டுக்கதை இல்லை. 2013இல் மலேசிய ஆய்வாளர்கள் 228 டிங்கி நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், சாறு குடித்தவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் வேகமாக ஏறியதைப் பார்த்தார்கள். ஆனால் டிங்கியில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் தட்டணு எண்ணிக்கை இல்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவதுதான் பெரிய ஆபத்து. அது காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் வரும், "விட்டுவிட்டது" என்று நாம் நிம்மதியாகிற சமயத்தில். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். இதெல்லாம் செய்துகொண்டு சாறும் குடித்தால் நான் தடுக்கமாட்டேன்.


பட்டர்வொர்த் மகள் | வியாழன், இரவு 9.30

எல்லாருக்கும் கும்பிடு. அம்மா வார்டில் இருக்கிறார், உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். இரவுப்பணி, உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. தம்பி என்று கூப்பிடுகிறேன்.

அன்று ராத்திரி போனபோது ரத்த அழுத்தம் 88க்கு 50. உடனே சொட்டுநீர் ஏற்றினார்கள், ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில், அந்தச் சுரப்பி சுரக்கிற கார்டிசால் ரொம்பக் குறைவு என்று முடிவு வந்தது. இப்போது மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம், சொல்லாமல் நிறுத்தவே கூடாதாம். கிளிக்லசைடைப் பழைய அளவுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பொட்டலத்தில் ஒட்டியிருந்த தூளை மருந்தாளர் ஒருவர் ஒரு சின்னக் குப்பியில் தட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. வார்டில் இளம் டாக்டர் ஒருவர் தமிழில்தான் கேட்டார்: "அம்மா, வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" அம்மா அசையாமல் "இல்லப்பா" என்றார். டின் மேசைமேல் இருக்கிறது! நான் வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் மலாய்க்காரத் தாதி ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, ஆயிர் ரெபூசான் அடா மினூம்?" என்றார். கொதிக்க வைத்த தண்ணி ஏதாவது குடிப்பீங்களா என்று.

அவ்வளவுதான். அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். காலையில் நிலவேம்பு, செவ்வாய் வெள்ளி அருகம்புல் சாறு, ராத்திரி வெந்தயம் ஊறவைத்த தண்ணி, கால் வீங்கினால் பூனைமீசை, மலச்சிக்கலுக்கு நிலவாகை. டின்னில் இல்லாததும் ரெண்டு வந்தது. தாதி தன் அம்மாவும் ஹெம்பெடு பூமி குடிப்பார் என்றார். அதுவும் நிலவேம்புதானாம். ரெண்டு பேரும் அதன் கசப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துச் சுளித்துப் பேசிச் சிரித்தார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பதினோரு வருடமாகக் கிளினிக்கில் "மருந்து" என்று கேட்டிருக்கிறார்கள், அம்மா "இல்லை" என்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவின் பாஷையில் மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது. இது கைவைத்தியம்.


நேர்ப்பேச்சு | வியாழன், இரவு 9.52

அம்மா தேறியது நிம்மதி. நான் எழுதியதில் கொஞ்சம் காரம் அதிகம், மன்னியுங்கள். இன்று என் அம்மாவிடம் "தண்ணி ஏதாவது கொதிக்க வச்சுக் குடிக்கிறீங்களா" என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று வருடமாகக் குடிக்கிறாராம்.


இரவுப்பணி | வியாழன், இரவு 11.34

அந்தத் தாதியின் கேள்வியை நாளையிலிருந்து நான் கடையில் திருடிக்கொள்ளப் போகிறேன்.

வாங்குகிறவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. மளிகைக் கடையில் நிறுத்துத் தரும் சுக்கு, திப்பிலி, கடுக்காய் வேறு. குப்பியில், காப்ஸ்யூலில், அட்டைப்பெட்டியில் பாரம்பரிய மருந்து என்று விற்பது வேறு. ரெண்டாவது வகைக்குச் சுகாதார அமைச்சின் பதிவு வேண்டும். பெட்டியில் பதிவு எண் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எண்கள் வந்து, கடைசியில் டி (T) என்ற எழுத்தில் முடியும். கூடவே ஒளிரும் முத்திரை ஒட்டியிருக்கும். எண்ணை, மருந்துப் பதிவைப் பார்க்கும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏவின் இணையப் பக்கத்தில் தட்டினால் அதே பெயர் வருகிறதா என்று பார்க்கலாம், போலி எண் அச்சடிப்பவர்களும் உண்டு. பதிவு இருந்தால் நோயைத் தீர்க்கும் என்று அர்த்தமில்லை. ஈயம், பாதரசம் போன்றவை வரம்புக்குள் இருக்கின்றன, களவாக மாத்திரை கலக்கவில்லை என்பதற்கு ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம். உலோகம் சேரும் பற்பம், செந்தூரம் ஊரிலிருந்து பையில் கொண்டுவருகிறவர்கள் இந்த வரியை ரெண்டு முறை படியுங்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி திரும்ப வரும் அக்கா, ஸ்டீராய்டு குறையக் குறைய. அப்போது இன்னொரு பொட்டலம் தேடிப் போகாமல் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவையுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து கெப்பாலா பத்தாஸ் தூரமில்லை. அங்கே அரசாங்க மருத்துவமனையில் 2007இலிருந்தே பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது, நாட்டில் முதலாவது. நாள்பட்ட வலிக்கு உருவுதலும் அக்குபஞ்சரும் டாக்டரின் கடிதத்தோடு பார்க்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்கும் என்று தோன்றுகிறது.


பட்டர்வொர்த் மகள் | ஞாயிறு, மாலை 5.05

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். டின்னைக் கழுவிக் காயவைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். நன்றாகத் துடைத்து மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, "இதுல சுக்கு வச்சுக்கலாமா, உன் டாக்டர்கிட்ட கேளு" என்றார். ஒரு வாரத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். டாக்டரைக் கேட்டேன், காப்பி அளவுக்குச் சரி என்றார்.

தோட்டத்து ஐயா, அம்மா உங்களைக் கேட்கச் சொன்னார். சுக்கு மல்லிக் காப்பிக்கு உங்கள் பக்கம் மிளகு சேர்ப்பீர்களா?


தோட்டத்துக்காரன் | ஞாயிறு, மாலை 5.48

சேர்ப்போம், ரெண்டு டம்ளருக்கு நாலே மிளகு. அரை விரல் நீளம் சுக்கு, தோல் சுரண்டி, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மிக்ஸியில் மாவாக்கினால் அடியில் வண்டலாக நின்று தொண்டையில் பிடிக்கும். கொத்தமல்லி விதை ரெண்டு ஸ்பூன், வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து. கூலா மெலாக்கா வெல்லம் போடுகிற வழக்கம் உண்டு, அம்மாவுக்கு அது வேண்டாம். ஒரு கொதியில் இறக்கிவிடலாம்.

எந்தத் தோட்டம் என்று அம்மாவிடம் கேளும்மா. சுரண்டாத சுக்கைப் பார்த்தால் கோபம் வருகிறவர் என்றால், எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார்.